தொட்டியைப் புதுப்பிக்கும் நாள்களில் மீன்களைக் காப்பாற்றுவது

தொட்டியைக் காலி செய்து, கல்லை மாற்றி, கண்ணாடியைத் தேய்த்து, மீன்களைத் திரும்ப விட்ட அன்று பெரும்பாலும் எந்த மீனும் சாவதில்லை. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் ஒன்று மிதக்கும். மறுநாள் இன்னும் இரண்டு. தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது, எப்படிச் செத்தது என்று மீன் கடையில் வந்து கேட்பவர்கள் அநேகம். விவரம் தெரிந்த கடைக்காரர் பதிலுக்கு முதலில் கேட்கும் கேள்வி: “ஃபில்டரையும் சேர்த்துக் கழுவிட்டீங்களா?”

அவர் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மீன்கள் செவுள் வழியாக நாள் முழுக்க அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. மிஞ்சிய தீனியும் எச்சமும் அழுகி மேலும் அம்மோனியா சேர்கிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். நான்கு கண்ணாடிகளுக்குள் அதற்குப் போக்கிடம் கிடையாது. தொட்டியில் அதைத் தீர்த்துக்கட்டுபவை நுண்ணுயிர்கள்தான். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் வீரியம் வெகு குறைவு. வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது அதை நாம் வெளியேற்றிவிடுகிறோம். இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஸ்பாஞ்ச், பீங்கான் வளையம், சரளைக்கல், கண்ணாடி என்று ஏதாவது ஒரு பரப்பில் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. நைட்ரைட்டைக் கவனித்துக்கொள்வது நைட்ரோபேக்டர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற பேரினம் என்று டிமோத்தி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் காட்டினார்கள். பெயர் எதுவானாலும், மீன் வளர்ப்பவர் நினைவில் வைக்க வேண்டியது அவற்றின் மெதுவான வளர்ச்சியை. ஈ.கோலை போன்ற பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். புதுத் தொட்டி ‘சைக்கிள்’ ஆக, அதாவது இவை போதிய அளவு பெருகி நிலைபெற, 4 முதல் 6 வாரம் பிடிப்பது இதனால்தான். குழாயடியில் அரை மணி நேரத்தில் கழுவித் தள்ளியதைத் திரும்பப் பெற ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மாதத்தில்தான் மீன்கள் சாகின்றன.

ஆகவே புதுப்பிக்கும்போது எதை மாற்றுவது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கல்லை மாற்றுகிறீர்களா? ஃபில்டரைத் தொடாதீர்கள். ஃபில்டரை மாற்றுகிறீர்களா? கல் அப்படியே இருக்கட்டும். இரண்டையும் மாற்றியே தீர வேண்டுமென்றால் நடுவில் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். தொட்டியையே மாற்றுகிறீர்கள் என்றால், பழைய ஃபில்டர் பழைய அழுக்கோடு புதுத் தொட்டிக்குப் போகட்டும். அந்த அழுக்கைப் பார்க்க நன்றாக இருக்காதுதான். ஆனால் தொட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நாள் குறிப்பது

நம் வீடுகளில் தொட்டியில் கை வைக்கும் யோசனை பெரும்பாலும் பொங்கலுக்கு முன்னால், அல்லது வீட்டில் ஒரு கல்யாணம் வரும்போது வருகிறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறோம், அப்படியே தொட்டியையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று தோன்றும். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கண்டிப்பான யோசனை. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. அறையில் தின்னர் நெடியும் ப்ரைமர் நெடியும் இருந்தால் அதுவும் தண்ணீருக்குள் போகும். பட்டி தேய்க்கும்போது பறக்கும் தூள் தண்ணீரில் படியும். சுண்ணாம்பும் சிமென்ட்டும் விழுந்தால் தண்ணீரின் பி.எச். சட்டென்று ஏறும். பெயின்ட் வேலை தவிர்க்க முடியாதது என்றால், தொட்டியை நனைத்துப் பிழிந்த துணியாலோ பாலித்தீன் தாளாலோ மூடி, ஏர் பம்பை வேறு அறையில் வைத்து நீளமான டியூபால் இணைத்துவிடுங்கள். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

பெயின்ட்டைவிடக் கொடியது பூச்சி மருந்து. வெள்ளை அடித்த கையோடு கரப்பான் மருந்து அடிப்பது வழக்கம். அந்த மருந்துகளில் பலவற்றில் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை நஞ்சு. மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவே மீனைக் கொன்றுவிடும். மருந்து அடிக்கும் அறையில் தொட்டி இருக்கவே கூடாது. நகர்த்த முடியாத தொட்டி என்றால் அந்த அறைக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரப்பானுக்குக் கூழ் வடிவில் புள்ளி புள்ளியாக வைக்கும் மருந்து கிடைக்கிறது. அது காற்றில் பரவாது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். மே மாத மதியத்தில் பக்கெட்டுக்குள் நெருக்கிப் போட்ட மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இது ஒரு காரணம். மார்கழியில் சிக்கல் நேர்மாறு. 100 லிட்டர் தொட்டி இரவில் மெதுவாகத்தான் குளிரும். 20 லிட்டர் பக்கெட் விடிவதற்குள் நான்கைந்து டிகிரி இறங்கிவிடலாம். ஏஞ்சல், டிஸ்கஸ் போன்றவை இதைத் தாங்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை முதல் மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே செய்தித்தாளில் அறிவிப்பார்கள். அந்த நாளைத் தவிருங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது எப்போதும் நல்லது.

வேலையைக் காலையில் தொடங்குங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டியூப் உடைந்தால் மாற்று வாங்கக் கடை திறந்திருக்காது.

நெடுநாள் கவனிக்காத தொட்டி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ரொம்ப நாளா விட்டுட்டேன், இப்ப முழுசா சுத்தம் பண்றேன்’ என்று இறங்குபவர்களிடம்தான் அதிக மீன்கள் சாகின்றன.

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் உள்ள கார்பனேட் உப்புகள் அதைச் சமன் செய்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். கேன் தண்ணீர், மழைநீர் போன்ற உப்புக் குறைந்த நீரை ஊற்றி வந்த தொட்டிகளில் இது சீக்கிரமே நடக்கும். பிறகு பி.எச். 6-க்குக் கீழே போகும். நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனாலும் மீன்கள் உயிரோடுதான் இருக்கும், ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற வீரியம் குறைந்த வடிவில் இருக்கிறது. 25 டிகிரியில் பி.எச். 7 இருக்கும் தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவுக்கே நஞ்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்துக்கு மேல், பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இப்போது பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? மிச்சப் பாதியில் இருந்த அம்மோனியம் சில நிமிடங்களில் நஞ்சாக மாறும். நல்ல தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் துடித்துச் சாவதன் மர்மம் இதுதான்.

உப்பு நிறைந்த போர் தண்ணீரையே ஊற்றி வந்த தொட்டியில் வேறொரு தொல்லை. ஆவியாவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஊற்ற ஊற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும். மீன் அதற்கு மெல்ல மெல்லப் பழகியிருக்கும். அதை எடுத்துத் திடீரென்று நல்ல தண்ணீரில் விட்டால் உடலின் உப்புச் சமநிலை குலைந்துவிடும்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. புதுப்பிக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே இரண்டு நாளைக்கு ஒருமுறை 10 சதவீதம் மட்டும் தண்ணீர் மாற்றி வாருங்கள். தொட்டித் தண்ணீரின் பி.எச். நீங்கள் ஊற்றும் தண்ணீரின் பி.எச்.சுக்கு அருகில் வந்த பிறகே பெரிய வேலையில் இறங்குங்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று இதற்குக் கட்டாயம் வேண்டும். விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் தொட்டியில் இருக்கும் மீன்களின் விலையைக் கூட்டிப் பார்க்கட்டும்.

முன்னேற்பாடு

நான்கைந்து வாரத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை வாங்கி, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் அதில் நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். மீன்களைத் தற்காலிகத் தொட்டிக்கு மாற்றும் அன்று அதை அப்படியே எடுத்துப் போட்டால், அங்கே முதல் நிமிடத்திலிருந்தே அம்மோனியாவைச் சுத்தம் செய்ய ஆள் தயார். அதிகம் செலவில்லாத இந்த ஏற்பாட்டைப்போல் மீனைக் காப்பாற்றுவது வேறொன்றும் இல்லை என்பேன்.

தற்காலிக இருப்பிடத்துக்கு அகலமான பாத்திரம் வேண்டும். காற்று தண்ணீரில் கரைவது மேற்பரப்பு வழியாக. உயரமான டிரம்மைவிட அகலமான பிளாஸ்டிக் அன்னக்கூடையோ டப்போ மேல். மீன் ஏற்றுமதிக்குப் பயன்படும் தெர்மாகோல் பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, சூடு சீக்கிரம் மாறாது. வேதிப்பொருள் வந்த டிரம், சோப்பு ஊறிய பக்கெட் எதையும் தொடாதீர்கள். துணி துவைத்த வாளியை எத்தனை முறை அலசினாலும் நம்ப வேண்டாம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 127 லிட்டர் கொள்ளும். அதில் இருக்கும் மீன்களுக்கு 60 லிட்டராவது பிடிக்கும் பாத்திரம் வையுங்கள். மூடி அவசியம். மோலி, கப்பி, அரோவானா எல்லாம் பயந்தால் குதிக்கும்.

தண்ணீர் விஷயம். கார்ப்பரேஷன் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. லாரித் தண்ணீரில் சில நாள் மூக்கில் ஏறும் அளவுக்கு நெடி இருக்கும். குளோரின் மீனின் செவுளைச் சுடும், நுண்ணுயிர்களைக் கொல்லும். திறந்த டிரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு இருக்கிறது. அதில் இருப்பது பெரும்பாலும் பழைய புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று அழைத்த சோடியம் தயோசல்பேட். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் ஹைப்போ போதும். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றித் தொட்டி நிரப்ப வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் உப்புகளைப் பிடுங்கிவிடுவதால் அந்தத் தண்ணீரில் பி.எச். நிலையாக நிற்காது.

வேலைக்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள். வயிறு காலியான மீன் பக்கெட்டில் கழிவைக் குறைவாகவே விடும். வளர்ந்த மீன்கள் இரண்டு மூன்று நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். பிறந்து சில வாரமே ஆன குஞ்சுகள் இருந்தால் அவற்றைத் தனியாக வையுங்கள்.

புது சரளையை வாங்கியதும் கழுவத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்தக் கல் தண்ணீரின் கடினத்தையும் பி.எச்.சையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். பளிங்குத் துண்டு, கிளிஞ்சல், பவளப்பாறைத் துண்டு எல்லாம் இப்படித்தான். ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பவருக்கு அது நல்லது, டெட்ரா வளர்ப்பவருக்கு ஆகாது. சாயம் பூசிய வண்ணக்கல்லை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மீன் பிடிப்பது

வேலை நாளன்று முதலில் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஹீட்டரை அணைத்து இருபது நிமிடம் தண்ணீருக்குள்ளேயே விடுங்கள். சூடாக இருக்கும்போது காற்றுக்கு வந்தால் கண்ணாடி வெடிக்கும். அதன் பிறகு, கல்லைக் கிளறாமல், தெளிவான மேல் தண்ணீரை ஹோஸ் வைத்துத் தற்காலிகப் பாத்திரத்துக்கும் சுத்தமான டிரம்களுக்கும் இறக்குங்கள். ஹோஸை வாயால் உறிஞ்ச வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மைகோபாக்டீரியம் மாரினம் என்ற கிருமி தொட்டித் தண்ணீர் வழியாகக் காயத்தில் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். தோல் மருத்துவரிடம் போனால், மீன் தொட்டி வைத்திருப்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகு மீனைப் பிடிப்பது எளிது. நிறைந்த தொட்டியில் துரத்தித் துரத்திப் பிடிக்கும்போது மீனுக்கு மூச்சு வாங்குவதோடு செதிலும் உரியும். அலங்காரப் பொருள்களை மெதுவாக வெளியே எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, இரண்டு வலைகளைக் கொண்டு பிடியுங்கள். ஒன்று அசையாமல் நிற்கட்டும், மற்றொன்றால் மீனை அதை நோக்கி நகர்த்துங்கள்.

சக்கர் மீனுக்கு மட்டும் வலை வேண்டவே வேண்டாம். அதன் உடல் முழுக்க நுண்ணிய முட்கள். மார்புத் துடுப்பின் முன்முள் பயந்ததும் விரைத்து அப்படியே பூட்டிக்கொள்ளும். வலைக்குள் வந்ததும் அது முறுக்கும். முறுக்க முறுக்க நூல் முள்ளைச் சுற்றி இறுகும். இழுத்தால் துடுப்பு கிழியும். அப்படி மாட்டிக்கொண்டால் வலையோடு தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் முள்ளைச் சுற்றியுள்ள நூலை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வலை போனால் போகட்டும். முதலிலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து, அதற்குள் மீனை ஓட்டி, தண்ணீரோடு தூக்கினால் இந்த வம்பே இல்லை. கெளுத்தி வகை எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஒன்றோடொன்று சண்டை போடும் மீன்களை ஒரே டப்பில் போடாதீர்கள். தொட்டியில் ஒளிய இடம் இருந்ததால் ஒற்றுமையாகத் தெரிந்தவை வெற்று டப்பில் கடித்துக் குதறும். டப்புக்குள் ஒரு சின்ன மண்சட்டித் துண்டு, ஒரு பிவிசி குழாய்த் துண்டு போட்டால் பயந்த மீன் ஒளிந்துகொள்ளும். ஏர் ஸ்டோனும், மாதம் முழுக்க ஊறிய அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓடட்டும். டப்பை இருட்டான, நடமாட்டம் குறைந்த இடத்தில் வைத்து மூடிவிடுங்கள்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நீல மருந்தையோ மஞ்சள் மருந்தையோ டப்பில் ஊற்றாதீர்கள். நீல மருந்தில் இருக்கும் மெத்திலீன் புளூ ஃபில்டர் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்லும். நோய் இல்லாத மீனுக்கு மருந்தும் வேண்டாம்.

ஃபில்டரை என்ன செய்வது

பெரிய ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டியிலிருந்து இறக்கிய தண்ணீரில் போட்டு வையுங்கள், அதில் ஒரு ஏர் ஸ்டோன் ஓடட்டும். ஈரம் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். கேனிஸ்டர் ஃபில்டரை மூடி வைத்தபடியே அரை நாள் விட்டுவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கி, தண்ணீர் நாறிப்போகும். அதைத் திரும்ப ஓடவிட்டால் அந்த நாற்றமெல்லாம் தொட்டிக்குள் வரும். அடைப்பு அதிகமாகித் தண்ணீர் போகவில்லை என்றால் மட்டும் ஸ்பாஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீர் உள்ள பக்கெட்டில் இரண்டு முறை லேசாக அழுத்தி விடுங்கள். துணி பிழிவது போல முறுக்க வேண்டாம். சேறு நிறத்தில் தண்ணீர் வரும். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும். அந்தப் பழுப்பு அப்படியே இருக்க வேண்டும்.

அடிக்கல்லை எடுப்பது மீன்கள் முழுவதும் வெளியேறிய பிறகுதான். நெடுநாள் கிளறாத கல்லுக்கடியில் கருப்புத் திட்டுகள் இருக்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்பைடு. மீன் உள்ளே இருக்கும்போது அதைக் கிளறுவது ஆபத்து.

தொட்டியில் நீர்க் கசிவு

கசிவுக்காகத் தொட்டியைப் பிரிப்பவர்கள் வெளியே ஒரு கோடு சிலிக்கான் இழுத்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அது நிற்காது. கசிவை உள்பக்கம்தான் அடைக்க வேண்டும். பழைய சிலிக்கானின்மேல் புதிது ஒட்டாது. உள் ஓரத்தில் இருப்பதை பிளேடால் முழுதாகச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்த பிறகு பூசுங்கள். பாத்ரூமுக்கென்று பூஞ்சை தடுப்பு மருந்து கலந்து விற்பதை வாங்கிவிடக் கூடாது. தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். வினிகர் நெடி முழுவதும் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், காயவிடுங்கள். அதன் பிறகு மொட்டை மாடியிலோ பால்கனியிலோ அடியில் உலர்ந்த செய்தித்தாள் விரித்து, தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். ஆகவே கசிவு வேலை என்றால் மீன்கள் பத்து நாளாவது டப்பில் இருக்கும். அதற்கேற்பப் பெரிய பாத்திரம் வேண்டும். தினம் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், கொஞ்சம் தீனியும் போட வேண்டும்.

கண்ணாடியில் படிந்த வெள்ளை உப்புக்கறைக்கு வினிகரோ எலுமிச்சையோ போதும். சோப்பு, டிஷ் வாஷ், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே எதுவும் உள்ளே போகக் கூடாது.

தண்ணீரோடு தொட்டியை நகர்த்தவே கூடாது. மூன்றடித் தொட்டி தண்ணீர், கல் எல்லாம் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டும். தூக்கும்போது கண்ணாடி சற்றே முறுக்கினாலும் ஒட்டு விட்டுப்போகும். திரும்ப வைக்கும்போது அடியில் தெர்மாகோல் தாள் போட்டு, கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பார்த்து வையுங்கள்.

திரும்ப விடுவது

கல்லைப் போட்டு, சேமித்து வைத்த பழைய தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல் பழைய தண்ணீராக இருக்கட்டும். அதில் நுண்ணுயிர் அதிகம் இருக்காது என்று சொன்னேன்; ஆனாலும் மீனுக்குப் பழகிய பி.எச்.சும் உப்பும் அதில்தான் இருக்கிறது. மேலே குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர். பழைய கல்லில் இரண்டு கைப்பிடியை மெல்லிய நைலான் வலைத்துணியில் முடிந்து ஒரு மூலையில் போட்டுவைத்தால், அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் புதுக் கல்லுக்குப் பரவும். ஒரு மாதம் கழித்து எடுத்துவிடலாம். ஃபில்டரை உடனே ஓடவிடுங்கள்.

டப்புத் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் வெப்பத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், கையை விட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டித் தண்ணீரை ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக டப்பில் விழவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் டப்பின் தண்ணீர் இரட்டிப்பாகும் வேகம் போதும். பிறகு மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். டப்புத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். கூச்ச சுபாவமுள்ள சின்ன மீன்களை முதலில் விட்டு, தாதா போல் நடந்துகொள்வதைக் கடைசியில் விடுங்கள். அதற்குள் மற்றவை ஒளிய இடம் பார்த்து வைத்திருக்கும். அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம்.

புதுத் தொட்டியில் இந்த மீன் வேண்டாம், பெரிதாகிவிட்டது என்று தோன்றினால் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிக்கென்று வந்த சக்கர் மீன், இப்படி விடப்பட்டே நம் நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கும் தொல்லையாகிவிட்டது.

அடுத்த இரண்டு வாரம்

முதல் வாரம் தினமும், இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அம்மோனியா 0.25 பிபிஎம் காட்டினாலே 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, தீனியை நிறுத்துங்கள். மீன் மேலே வந்து மூச்சு வாங்குவது, செவுள் சிவந்து வேகமாக அடிப்பது, துடுப்பை ஒட்ட மடக்கிக்கொண்டு மூலையில் நிற்பது ஆகியவை டெஸ்ட் கிட் இல்லாதவருக்கும் தெரியும் அறிகுறிகள். பெட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நைட்ரைட் ஏறினால் தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் ரத்தத்தைப் பழுப்பாக்கும். உப்பில் உள்ள குளோரைடு செவுளில் அதே வாசலை அடைத்துக்கொள்வதால் நைட்ரைட் உள்ளே போவது குறையும். செதில் இல்லாத மீன்களுக்கும் செடிகளுக்கும் இதில் பாதி அளவே போதும்.

மூன்றாம் நான்காம் நாளில் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுக்கலாம். அதைப் பார்த்துப் பதறி முழுத் தண்ணீரையும் மாற்றிவிடுவார்கள். வேண்டாம். கலைந்த தொட்டியில் வேறு வகை பாக்டீரியா சில நாள் பெருகுவதால் வருவது அது. அம்மோனியா பூஜ்யமாக இருந்தால் தானாகத் தெளிந்துவிடும்.

தீனியை இரண்டு வாரத்துக்குப் பாதியாகக் குறையுங்கள். புது மீன் வாங்கும் ஆசை இந்த நேரத்தில்தான் வரும், தொட்டி அவ்வளவு அழகாக இருக்கும். கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு ஒரு மாதம் கழித்துப் போங்கள். அதுவும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யமாக இருந்தால் மட்டும். வாங்கி வந்த மீனை நேராகத் தொட்டியில் விடாமல், கையில் இருக்கும் அந்த டப்பிலேயே ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.